பிளம் கிரம்பிள்

பிளம் பழத் துண்டுகளைச் சர்க்கரையோடு தட்டில் பரப்பி, வெண்ணெயில் பிசிறிய மைதாவை மேலே தூவிச் சுட்டெடுக்கும் வீட்டு இனிப்பு இது. 'கிரம்பிள்' என்றால் உதிர்தல். மலைவாசத் தலத்துத் துரைமார் சாப்பாடு என்றே இதைப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதைப் பரவச் செய்தது பற்றாக்குறைதான். இரண்டாம் உலகப்போரின்போது, 1940 ஜனவரியில், பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்குள் வந்தன. பழத்தை மாவுத் தகட்டால் மூடிச் சுடும் 'பை' மாவையும் கொழுப்பையும் விழுங்கக்கூடியது. அதே மாவை உதிரியாகத் தூவினால் குறைவாகவே போதும். போருக்கு முன்பே ஜெர்மானியரிடம் ஸ்ட்ரூசல் இருந்ததே, அமெரிக்கச் சமையல் நூல்களில் 1920களிலேயே 'கிரிஸ்ப்' வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்ட்ரூசல் பெரும்பாலும் கேக்கின் தலையில் ஏறிய அலங்காரம். அடியில் வேறொரு மாவு இருக்கும். அலங்காரத்தையே கூரையாக்கி, அடிமாவைத் துறந்த பண்டம் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு போனது பங்கீட்டுக் காலத்தில்தான். கண்டுபிடித்தவர் யார் என்பதைவிட, எது இல்லாததால் அது நிலைத்தது என்பதே இதன் வரலாற்றை விளக்கும்.

பண்டத்தின் கதை அது. பழமோ மதுரைக்கு இரு வழிகளில் வந்தது. ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் விற்கும் ஆல்பக்கோடா; உலர்ந்த பிளம்தான், பெயருக்குள் புகாரா நகரம் ஒளிந்திருக்கிறது. மற்றது கொடைக்கானல் வழி. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்ப 1845இல் அந்த மலையில் வீடு கட்டினார்கள். அப்படி எழுந்த குடியிருப்பின் தோட்டங்களில் குளிர்நாட்டுப் பழமரங்கள் வேரூன்றின. (கிறிஸ்துமஸ் பிளம் கேக்கை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் இருப்பது உலர்திராட்சை. ஆங்கிலத்தில் முன்பு அதற்கும் பிளம் என்றே பெயர்.) தமிழக மலைகளில் விளைவது பெரும்பாலும் 'ஜப்பானியப் பிளம்' எனப்படும் இனம், பூர்விகம் சீனம். ஐரோப்பியப் பிளம்முக்கு நெடுங்குளிர் வேண்டும், இதற்குக் குறைந்த குளிரே போதும். எனவே கொடைக்கானல் பழத்தில் செய்யும் கிரம்பிள் ஆங்கிலேயப் பண்டத்தின் நேர்ப்படி ஆகாது. தோலில் புளிப்பும் உள்ளே சாறும் மிகுதி. சர்க்கரையைக் கூட்டி, ஒரு கரண்டி சோளமாவோ அரிசிமாவோ சேர்க்காவிட்டால் அடியில் குளம் கட்டிவிடும்.

மே முதல் ஜூலை வரை மலைப்பழம் கீழே இறங்குகிறது. ஒரு காலத்தில் மாடுகள் கட்டி விற்ற மதுரை மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையமும் சந்தையுமாக இருக்கிறது. அங்கே வந்து சேரும் பிளம்மில் கனிந்து நசுங்கியது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்; உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னக் கெட்டிக்காய், கிரம்பிளுக்கு இந்தக் குழைந்த பழம். சிக்கல் வெண்ணெயில்தான். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை என்பது வழக்கமான அளவு. குளிர்ந்த வெண்ணெய் மாவுத்துகளைப் பூசி நின்றால் உதிரி கிடைக்கும். மதுரைக் கோடையில் அது விரலிலேயே உருகிக் களியாகிவிடுகிறது. வெண்ணெயை உறையவைத்துத் துருவிச் சேர்ப்பதே வழி. மற்றபடி கைப்பக்குவம் புட்டு மாவுடையதுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும்.

பழத்தைச் சுட்டுத் தின்பது நம் நாக்குக்கு ஒட்டாது என்ற மறுப்பு நிற்காது. சித்திரை முதல் நாள் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி உண்ணும் ஊர் இது. புளிப்பை வேகவைத்து இனிப்பில் முக்குவது பழகிய சுவை. ஓவன் இல்லை என்பதே வலுவான மறுப்பு. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் உப்பைப் பரப்பி, தட்டை வைத்துச் சுடுவோர் உண்டு. பழம் வெந்துவிடும்; ஆவி சூழ்வதால் மேல்மாவு சிவக்காது. அதற்கும் இந்தப் பண்டத்தின் அமைப்பே இடம் தருகிறது. பையின் மூடியைத் தனியே பிரிக்க முடியாது, உதிரியைப் பிரிக்கலாம். பழத்தைத் தனியாக வேகவிட்டு, மாவை வாணலியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்துப் பரிமாறும்போது தூவிவிட்டால் போதும்.