பானிங் (ஒளிப்படவியல்)

பானிங் என்பது விரைந்து செல்லும் பொருளின் போக்கிலேயே ஒளிப்படக்கருவியையும் திருப்பியபடி, சற்று நீண்ட ஷட்டர் நேரத்தில் படம் எடுக்கும் முறை ஆகும். இம்முறையில் பொருள் தெளிவாகவும், அதன் பின்னணி கிடைக்கோடுகளாகக் கலங்கியும் பதிவாகின்றன. தானுந்துப் பந்தயம், மிதிவண்டிப் போட்டி, குதிரைப் பந்தயம், பறக்கும் பறவைகள் ஆகியவற்றைப் படம் எடுப்பதில் இம்முறை பரவலாகப் பயன்படுகின்றது.

தேவை

ஒளிப்படம் அசைவற்றது. எனவே அதில் வேகத்தை நேரடியாகக் காட்ட இயலாது. குறிப்பால் மட்டுமே உணர்த்த இயலும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் செல்லும் தானுந்து ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கின்றது. அதன் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனக் கொண்டால், சக்கரம் நொடிக்கு 25 முறை சுழல்கின்றது. 1/1000 நொடியில் அச்சக்கரம் 9 பாகை மட்டுமே திரும்பும். அந்நேரத்தில் எடுக்கப்பட்ட படத்தில் சக்கரம் ஏறத்தாழ நின்றுவிட்டது போலத் தோன்றுவதால், பந்தயத் தானுந்து சாலையில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டி போலக் காட்சி தரும். 1/125 நொடியில் சக்கரம் 72 பாகை திரும்புகின்றது. ஆரங்கள் ஒன்றோடொன்று கலந்து, சுழற்சி கண்ணுக்குப் புலப்படுகின்றது.

ஆனால் கருவியை அசைக்காமல் 1/125 நொடியில் எடுத்தால், அந்நேரத்தில் 40 செ.மீ. நகர்ந்துவிடும் தானுந்தே கலங்கிவிடும். வண்டியின் தெளிவையும் வேகத்தின் தோற்றத்தையும் ஒருங்கே பெறுவதற்காகவே கருவி வண்டியுடன் சேர்த்துத் திருப்பப்படுகின்றது.

இயங்கும் விதம்

பாதையிலிருந்து 25 மீட்டர் தொலைவில் நிற்பவரை மேற்கூறிய தானுந்து நேர் எதிரே கடக்கும்போது, அவர் நொடிக்கு ஏறத்தாழ 115 பாகை வீதம் கருவியைத் திருப்ப வேண்டும். 1/100 நொடியில் கருவி 1 பாகைக்குச் சற்று கூடுதலாகத் திரும்புகின்றது. 35 மி.மீ. படச்சுருள் கருவியில் 200 மி.மீ. வில்லையின் கிடைமட்டப் பார்வைக் கோணம் சுமார் 10 பாகை ஆகும். ஆகவே, பின்னணியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு நீளமுள்ள கோடாக மாறுகின்றது.

தானுந்தின் எல்லாப் பகுதிகளும் சமமாகத் தெளிவாக அமைவதில்லை. முன்முனையும் பின்முனையும் ஒளிப்படக்காரரைப் பொறுத்து வெவ்வேறு கோண வேகத்தில் நகர்வதே இதற்குக் காரணம். ஷட்டர் நேரம் நீளும்போது இவ்வேறுபாடு மேலும் வெளிப்படும். பொதுவாக ஓட்டுநரின் தலைக்கவசம் அல்லது வண்டியின் எண் தெளிவாக இருந்தால் படம் ஏற்கத்தக்கதாகக் கருதப்படுகின்றது.

செய்முறை

கால்களைச் சற்று அகற்றி, வண்டியைப் படம் எடுக்கவுள்ள இடத்தை நோக்கி நிற்க வேண்டும். பின்னர் இடுப்புக்கு மேற்பட்ட உடலை மட்டும் வண்டி வரும் திசைக்குத் திருப்பி, அது தொலைவில் தோன்றியது முதலே பின்தொடர வேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகும் திருப்புதலை நிறுத்தலாகாது. நிறுத்தினால் படம் குலுங்கும். தொடக்கத்தில் 1/250 நொடியில் பயின்று, படிப்படியாக 1/125, 1/60 எனக் குறைப்பது வழக்கம். நேரம் நீள நீள வேகத்தின் தோற்றம் கூடும். தெளிவான படங்களின் எண்ணிக்கை குறையும். கடும் வெயிலில் மிகுதியான ஒளியைக் குறைக்க, சிறிய துவாரமோ ஒளிகுறைப்பு வடிகட்டியோ பயன்படுத்தப்படுகின்றது. நேர் எதிரே வரும் வண்டிக்கு இம்முறை பொருந்தாது.

லார்த்தீக்கின் படம்

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் சாக் ஆன்றி லார்த்தீக் (1894–1986) தம் இளமையில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் எடுத்த 6 ஆம் எண் வண்டியின் படம் இத்துறையில் புகழ்பெற்றது. நீண்ட காலம் 1912 ஆம் ஆண்டினது எனக் குறிக்கப்பட்ட இப்படம், 1913 இல் அமியேன் நகரருகே நடந்த பந்தயத்துக்குரியது எனப் பின்னர் கருதப்பட்டது. இதில் வண்டியின் முன்பகுதி சட்டகத்துக்கு வெளியே வெட்டுண்டுள்ளது. சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்துள்ளது. பார்வையாளர்களும் கம்பங்களும் பின்னோக்கிச் சாய்ந்துள்ளனர்.

அக்காலக் கருவியின் ஷட்டரில் இருந்த பிளவு, காட்சியின் கீழ்ப்பகுதியை முதலிலும் மேற்பகுதியைப் பின்னரும் பதிவுசெய்தமையே இதற்குக் காரணம். லார்த்தீக் கருவியைத் திருப்பினார். ஆயினும் வண்டி அதனினும் விரைவாகச் சென்றது. ஆகவே வண்டியின் மேற்பகுதி முன்னும், நிலையான மக்களின் மேற்பகுதி பின்னும் விலகிப் பதிவாயின. பல்லாண்டுகள் கவனிக்கப்படாதிருந்த லார்த்தீக்கின் படங்கள் 1963 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 69. பானிங் முறையின் இலக்கணப்படி பிழையான இப்படமே வேகத்தை உணர்த்தும் படங்களுக்கு எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

பாதுகாப்பு

கருவியின் வழியே பார்ப்பவருக்குச் சில பாகை அகலமுள்ள காட்சி மட்டுமே தெரியும். தடம்புரளும் வேறொரு வண்டியையோ சிதறி வரும் உதிரிப்பாகத்தையோ அவர் காண இயலாது. எனவே பந்தயத் தடங்களில் ஒளிப்படக்காரர்கள் தடுப்புகளுக்குப் பின்னால், அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நிற்க வேண்டும் என்னும் விதி பின்பற்றப்படுகின்றது.