ஒன்றரை ஷிப்ட் ஊரும் அழுத்தாத பொத்தானும்

ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

திருப்பூரில் யாரிடமாவது 'டிவிஆர்' என்று சொல்லிப் பாருங்கள். பனியன் கம்பெனி ஆபீஸ் அறையில், சிசிடிவி திரைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்குமே, அந்தப் பெட்டியைத்தான் நினைப்பார்கள். கட்டிங் மேசை, செக்கிங் பகுதி, வாசல் கேட் எல்லாவற்றையும் ராத்திரி பகலாக ஹார்டு டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். இடம் தீர்ந்தால் பழையதை அழித்து அதன் மேல் புதியதை எழுதும்.

இதே வேலையை வீட்டு டிவிக்காகச் செய்யும் பெட்டியும் இருக்கிறது. நாம் வீட்டில் இல்லாதபோது நிகழ்ச்சியைப் பதிந்து வைத்து, வந்தபிறகு காட்டும். பல வீடுகளில் செட்டாப் பாக்ஸுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் இப்படி? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் நம் ஊர் நேரத்தைச் சொல்ல வேண்டும். வெளியூர் நண்பர்களுக்காக: இங்கே 'ஒன்றரை ஷிப்ட்' என்று ஒரு கணக்கு உண்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. ஆர்டர் அவசரம் என்றால் அதற்கு மேலும் ஓடும். நிட்டிங் மிஷின்களுக்கு ராத்திரி என்பதே கிடையாது. டிவியில் முக்கியமான நேரம் என்று சொல்கிறார்களே, மாலை ஏழிலிருந்து பத்து வரை, அதில் பாதி நேரம் நம் ஊர்க்காரர் ஓவர்லாக் மிஷின் முன்னாலோ அயர்ன் மேசை முன்னாலோ இருப்பார். மீதிப் பாதியில் பஸ்ஸிலோ அடுப்படியிலோ இருப்பார். அடுத்தவர் வகுத்த நேரத்தில் வாழ்கிற ஊர் இது. பதிவுப் பெட்டி பிறந்ததே இப்படிப்பட்ட சிக்கலைத் தீர்க்கத்தான்.

1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி முதல் வீடியோ டேப் ரெக்கார்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீரோ போல் பெரியது. விலை சுமார் 50,000 டாலர். வாங்கியவர்கள் டிவி நிலையங்கள். அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது? அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் 3 மணி நேர வித்தியாசம். நியூயார்க்கில் மாலைச் செய்தி வாசிக்கும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் ஜனங்கள் வேலையில் இருப்பார்கள். 1956 நவம்பர் 30 அன்று சிபிஎஸ் நிறுவனம் தன் செய்தியைப் பதிந்து வைத்து, 3 மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு ஒளிபரப்பியது. அந்த மிஷின் செய்த முதல் பெரிய வேலையே, பார்க்கிறவர் வீடு திரும்பும்வரை நிகழ்ச்சியைக் காக்க வைத்ததுதான்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ், 1976இல் ஜேவிசியின் விஎச்எஸ். சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா இதற்கு 'டைம் ஷிப்ட்' என்று பெயர் சொல்லி விற்றார். நேரத்தைத் தள்ளி வைப்பது என்று பொருள். ஷிப்ட் என்ற சொல்லை நமக்கா சொல்லித்தர வேண்டும்?

சினிமா கம்பெனிகளுக்குக் கோபம். யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மேல் வழக்குப் போட்டன. வீட்டில் பதிவு செய்வதே திருட்டு என்பது அவர்கள் வாதம். வழக்கு 7 ஆண்டுக்கு மேல் இழுத்தது. 1984 ஜனவரி 17இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதியான நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். ஒரே ஒரு ஓட்டில் தப்பித்தது அந்தப் பொத்தான். அதற்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவர்களில் ஃப்ரெட் ரோஜர்ஸ் என்பவரும் ஒருவர். குழந்தைகளுக்காக டிவி நிகழ்ச்சி நடத்தியவர். குடும்பங்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடிவது நல்லதுதானே என்பது அவர் சொன்னதன் சாரம். ஆசிரியனாக இருந்த எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இது.

அதே 1984இல் தமிழ்நாட்டிலும் வீடியோ பற்றி ஒரு சட்டம் வந்தது. எதற்காக? வீடியோ கேசட் போட்டு டிவி திரையில் சினிமா காட்டுவதை ஒழுங்குபடுத்த! அங்கே சண்டை பதிவு செய்வதைப் பற்றி. இங்கே சண்டை படம் ஓட்டுவதைப் பற்றி. மிஷின் ஒன்றுதான். நாம் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு.

காரணம் எளிது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. வண்ண ஒளிபரப்பு வந்தது 1982, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி ஆண்டில். கோவை வட்டாரத்தில் நாம் கொடைக்கானல் பக்கம் ஆண்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டு புள்ளிக்கு நடுவே படம் தேடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒரே சேனல், அதுவும் நாளுக்குச் சில மணி நேரம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம். இதில் எதைப் பதிந்து எதைத் தள்ளி வைப்பது?

அதனால் 'டெக்' நமக்குச் சின்ன டூரிங் டாக்கீஸாக வந்து சேர்ந்தது. தீபாவளி போனஸ் கையில் வந்ததும் லைன் வீட்டுக்காரர்கள் காசு போட்டு, கலர் டிவி, டெக், மூன்று கேசட் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டுவார்கள். வாடகைக்கு வந்த மிஷின்களில் பல விசிபி, அதாவது ஓட்ட மட்டும் தெரிந்தவை. பதியும் வசதியே அதில் கிடையாது. விசிஆர் வைத்திருந்த வசதியான வீடுகளிலும் பதிவுப் பொத்தான் பக்கம் கை போனால் "ஏனுங்க, கல்யாண கேசட் அழிஞ்சிரப் போகுது" என்று சத்தம் வரும். பயப்பட வேண்டிய பொத்தான் என்றே அது நம் மனதில் பதிந்துபோயிற்று.

பிறகு கேபிள். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி. தினசரித் தொடர்கள் பெருகின. தள்ளி வைத்துப் பார்க்க வேண்டிய தேவை நிஜமாகவே வந்தது அப்போதுதான். ஆனால் அதற்குள் டெக் மோகம் இறங்க ஆரம்பித்துவிட்டது, கொஞ்ச காலத்தில் விசிடி வந்தது. விசிடி பிளேயரும் ஓட்டும், பதியாது. தேவை வந்த நேரத்தில் கருவி கையை விட்டுப் போயிற்று.

1999இல் அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. டேப்புக்குப் பதில் ஹார்டு டிஸ்க். இதனால் ஒரு புது வித்தை சாத்தியமானது. டேப் ஒரு நேரத்தில் எழுதும் அல்லது படிக்கும். ஹார்டு டிஸ்க் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நேரடி ஒளிபரப்பை நிறுத்தி, கதவைத் திறந்து பால் வாங்கி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். நம் நாட்டில் 2008இல் டாடா ஸ்கை இப்படி ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டியைக் கொண்டுவந்தது. மற்ற டிடிஎச் நிறுவனங்களும் கொண்டுவந்தன. விலை அதிகம். போதாததற்கு, அடுத்த சில ஆண்டுகளில் நம் பக்கம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் எந்தப் பெட்டி எதைப் பதியும்?

2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, கட்டம் கட்டமாக எல்லா ஊரிலும் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2017இல் அரசு கேபிள் டிவியும் செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. பென் டிரைவ் செருகிப் பதியும் வசதி பல பெட்டிகளில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதற்கு நாம் கொடுத்த விலை 2020இல் தெரிந்தது.

மார்ச்சில் பள்ளிகள் மூடின. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 26இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் ஜூலை முதல் வகுப்பு வாரியாகப் பாடங்கள் வந்தன. நல்ல ஆசிரியர்கள், நல்ல பாடங்கள். ஆனால் அட்டவணை போட்ட நேரத்தில் ஓடும். அதற்குள் பனியன் கம்பெனிகள் படிப்படியாகத் திறந்துவிட்டன. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனார்கள். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போனும் அவர்களோடு போயிற்று. யூடியூபில் பாடம் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. வீட்டில் மிஞ்சியது டிவியும் பிள்ளைகளும்தான். ஆறாவது படிக்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டு, பத்தாவது கணக்குப் பாடத்தையும் கவனிக்க வேண்டிய அக்காமார் எத்தனை பேர்! ஒரு வரி புரியாவிட்டால் டிவியிடம் கை தூக்கிக் கேட்க முடியாது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பதியும் வசதி இருந்தது. தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்காகக் காலையில் பதிந்து வைப்பேன். சாயங்காலம் முகக்கவசத்தோடு திண்ணையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். "நிறுத்துங்க சார், அந்த ஸ்டெப் மறுபடியும்" என்பார்கள். அரை மணி நேரப் பாடம் ஒரு மணி நேரம் ஆகும். வகுப்பறை என்பதே அந்த 'மறுபடியும்'தானே! அவர்களில் மூன்று பேர் வீட்டுப் பெட்டியிலும் இதே யுஎஸ்பி துளை இருந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அந்த ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் இழந்ததை எல்லாம் ஒரு பெட்டி ஈடுகட்டியிருக்காது. ஆனால் ஓடிப்போன பாடங்களில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருக்கலாம்.

சரி, இப்போது வீட்டில் என்ன செய்யலாம்? கொஞ்சம் குறிப்புகள்.

1. பெட்டியின் பின்னாலோ முன்னாலோ யுஎஸ்பி துளை இருக்கிறதா பாருங்கள். ரிமோட்டில் சிவப்புப் புள்ளியோ 'ரெக்' என்ற பொத்தானோ இருக்கும். துளை இருந்தும் வேலை செய்யாவிட்டால் கேபிள்காரரிடம் கேளுங்கள். சில பெட்டிகளில் அந்த வசதியைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

2. இதற்கென்று தனி பென் டிரைவ் வையுங்கள். பெட்டி முதலில் அதை அழித்துத் தனக்கேற்றபடி மாற்றக் கேட்கலாம். பேரனின் போட்டோக்கள் உள்ளதைச் செருகாதீர்கள். சாதாரண சேனல் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, எச்டி என்றால் 3 முதல் 4 ஜிபி பிடிக்கும்.

3. டைமர் வைக்கும்போது 5 நிமிடம் முன்னால் தொடங்கி 10 நிமிடம் பின்னால் முடியுங்கள். சேனல்கள் நம் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை.

4. மிக முக்கியம்: சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். டிவியை அணைக்கலாம், பெட்டியை ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். நம் வீடுகளில் பதிவு தவறுவதற்கு முதல் காரணம் இந்தச் சிக்கனப் பழக்கம். இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அந்த லைனில் போடுங்கள். அது இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான்.

5. சாதாரணப் பெட்டியில் ஒரு டியூனர்தான் இருக்கும். ஒன்று பதியும்போது வேறு சேனல் பார்க்க முடியாமல் போகலாம். வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பதிய வைத்தால் வீட்டில் சண்டை வராது.

6. பதிந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். கம்ப்யூட்டரில் ஓடாது, பூட்டி எழுதியிருப்பார்கள். கேபிள் மாற்றினால், பெட்டி மாற்றினால் எல்லாம் போயிற்று. மாற்றுவதற்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்காகவோ உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காகவோ பதிவது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போட்டுக் காட்டுவது வேறு கதை.

கம்பெனியில் இருக்கும் பெட்டி நம்மைப் பன்னிரண்டு மணி நேரம் பதிகிறது. வீட்டில் இருப்பதை நமக்காக ஒரு மணி நேரம் பதிய வைக்கலாமே. வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வரும் ஒரு அம்மா தன் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு பாடமோ, ஒரு பாட்டுப் போட்டியோ முதலிலிருந்து பார்க்க முடிந்தால், அது சின்ன விஷயம் இல்லை.

என் பழைய மாணவர்களுக்கு வீட்டுப்பாடம்: இன்று சாயங்காலம் அம்மா அப்பாவுக்கு ஒரு டைமர் வைத்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் பெட்டியில் வேலை செய்ததா, எந்த மாதிரிப் பெட்டி என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.