இரும்புலையும் பால்மரக் காடும்

பினாங்குத் துறைமுகத்தின் சரித்திரம் கூறுவோர் ஒரு கதையைத் தவறாது கூறுவர். 1786-ஆம் ஆண்டில் இத்தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர், கரையை அடைத்து நின்ற காட்டை அழிக்க ஆட்கள் முன்வராமை கண்டு, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடிப் புகுந்தோர் மரங்களை வெட்டிச் சாய்த்தனராம். மெய்யோ, கட்டுக்கதையோ, காசு யாருடையது, கோடரி பிடித்த கை யாருடையது என்பதை இக்கதை மறைக்கவில்லை.

ஜப்பானியராகிய ஹயாவோ மியாசாகி 1997-இல் வெளியிட்ட 'இளவரசி மொனொனொகே' என்னும் சித்திரப் படமும் இவ்விஷயத்தையே பேசுகின்றது. எபோஷி என்னும் பெருமாட்டி மலையடியில் இரும்புலை நடத்துகின்றாள். மணலினின்று இரும்பைப் பிரிக்க மலைமலையாய்க் கரி வேண்டும்; கரிக்குக் காடு வேண்டும். காட்டுத் தெய்வங்களாகிய பன்றிகளும் ஓநாய்களும் அவளை எதிர்க்கின்றன. ஓநாய் வளர்த்த சான் என்னும் பெண் அவளைக் கொல்லத் துடிக்கின்றாள்.

இவ்வளவே எனின் இஃது எளிய கதை. உலைக்களத்துள் நுழைந்து பாருங்கள். அங்கே துருத்தி மிதிப்போர், பரத்தையர் விடுதிகளினின்று எபோஷி பணம் கொடுத்து மீட்ட பெண்கள். துப்பாக்கி செய்வோர், உலகம் தீண்ட அஞ்சிய தொழுநோயாளர். அவர்தம் புண்களைத் தன் கையாலேயே கழுவியவள் அவள். காட்டைக் கொல்லுகின்றவளே ஒதுக்கப்பட்டோர்க்குச் சோறும் மானமும் அளிக்கின்றாள்! தொழுநோயாளரை ஒதுக்கி அடைக்கும் சட்டம் ஜப்பானில் 1996-இல்தான் நீங்கிற்று என்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

நம் துறைமுகத்துக்குத் தெற்கே ஜெரெஜாக் தீவு உள்ளது. தொழுநோயாளர் விடுதியும், தமிழகத்தினின்று கப்பலேறி வந்த நம்மவரைத் தோட்டங்களுக்கு அனுப்புமுன் தடுத்துவைத்த நோய்க் காப்பு முகாமும் அத்தீவிலேயே இருந்தன. ஊரில் தீண்டாமையும் பசியும் விரட்டியவர் அவருட் பலர். செபராங் பிறையில் கரும்புக்கும், பின்னர்ப் பால்மரத்துக்கும் அவர்தம் கைகளே உழைத்தன. காடழிந்தது என்று இன்று வருந்துவோர் அக்கைகளின் மேல் பழி சுமத்துதல் முறையன்று.

ஆயினும் எபோஷியையும் தோட்டத்துக் கம்பெனிகளையும் ஒருதட்டில் நிறுத்த நாம் இசையோம். அவள் தன் மக்களோடு ஒரே வேலிக்குள் வாழ்ந்தாள். கம்பெனிகளோ இலண்டனிலிருந்து இலாபம் பிரித்தன. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பின்னரும் கங்காணியின் முன்பணக் கடன் கூலியின் கழுத்தை விடவில்லை. படத்திலும் ஒரு குறை கண்டோம். இரும்பை விற்று அரிசி வருகின்றது. துருத்தி மிதித்தவளின் பேரில் எவ்வளவு பற்று எழுதினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு இக்கேள்வி எழாமல் இராது.

முடிவில் காட்டுத் தெய்வம் மாள, மொட்டையான மலைகள் மறுபடி பசுமை கொள்கின்றன. அது பழைய காடு அன்று என்கின்றாள் சான். பால்மரமும் அதன்பின் எண்ணெய்ப் பனையுமாகச் செபராங் பிறையில் வழிப்போக்கர் கண்ட பசுமையும் கயிறு பிடித்து வரிசை வரிசையாய் நட்ட பசுமையே.