முற்றம்

முற்றம்: வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் வெளி. குளிர்நாடுகளின் கண்ணாடி அறை வெயிலின் சூட்டைப் பிடித்து வைக்கும். தமிழ்நாட்டு முற்றம் வெளிச்சத்தை உள்ளே விட்டு, சூட்டை மேலே போகவிடும்.

அமைப்பு: முற்றத்தின் தரை, சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்திருக்கும், மூலையில் நீர் வெளியேற வழி இருக்கும். நான்கு பக்க ஓட்டுக்கூரையும் உள்நோக்கிச் சரியும். தாழ்வாரத்தில் ஊஞ்சல், பிரம்பு நாற்காலி, கயிற்றுக்கட்டில் போன்ற எளிதில் காற்றுப் புகும் பொருள்களே ஏற்றவை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் இவ்வகை வீடுகளைக் காணலாம்.

பருவங்கள்: எடுத்துக்காட்டாக, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம் சுமார் 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. அங்கே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. டிசம்பரில் தெற்கே சாய்ந்து சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆகவே மார்கழி, தை மாதங்களில் தெற்கு பார்த்த தாழ்வாரம் இதமான வெயில் பெறும். மாசி, பங்குனியில் வடகமும் வற்றலும் காயும். கத்திரி வெயிலில் கீற்றுப்பந்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூரைநீரை அண்டாவில் பிடிக்கலாம்.

இன்று: மனைகள் சிறுத்ததால் பால்கனியும் மொட்டைமாடியும் முற்றத்தின் வேலையைச் செய்கின்றன. முற்றத்தைப் பாலிகார்பனேட் தகட்டால் மூடுவோர், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுவழி விடவேண்டும். இல்லையேல் கோடையில் வீடு வெந்துவிடும்.