ஊவாவின் தவளங்களும் மாட்டுவண்டிப் பயணமும்

தவளம் என்பது பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிச் சென்று சரக்கு ஏற்றியிறக்கிய கூட்டம். இலங்கையின் ஊவா மலைநாட்டைக் கடற்கரையோடு இணைத்த பழைய போக்குவரத்து இதுவே. உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏறின. பாக்கும் மிளகும் தேன்மெழுகும் கீழே இறங்கின. 19ஆம் நூற்றாண்டில் வண்டித் தெருக்கள் திறந்தபோது இரட்டைமாட்டு வண்டிகள் இந்த வேலையில் பெரும்பங்கை ஏற்றன. 1924இல் பதுளைக்கு ரயில் வந்ததும் நெடுந்தூர வண்டிப் பயணம் தேய்ந்தது.

நிலமும் பருவமும்

ஊவாவில் பாலைவனம் கிடையாது. ஆனால் எல்ல மலைப்பிளவு வழியாக வெல்லவாயவுக்கு இறங்குபவர் ஒரே நாளில் குளிர்மலையை விட்டு வறண்ட வலயத்துக்குள் நுழைந்துவிடுவார். அங்கிருந்து அம்பாந்தோட்டை வரை முட்புதரும் காடும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் குளங்கள் நிரம்பும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று அடித்து ஓடைகளை வற்றச் செய்யும். அம்பாந்தோட்டைக் களப்புகளில் உப்பு விளைவதும் அந்த மாதங்களிலேயே. உப்பு கிடைக்கும் காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது. தண்ணீர் கிடைக்கும் காலத்தில் பாதை சேறாகிவிடும். தவளக்காரரின் ஏற்பாடுகள் எல்லாம் இந்தச் சிக்கலைச் சுற்றியே அமைந்தன.

மடிகே

கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த பிரிவு மடிகே எனப்பட்டது. அதில் முஸ்லிம்களே பெரும்பாலும் பணியாற்றினர். கண்டி அரசைக் கைப்பற்றியிருந்த ஆங்கிலேயர் 1817இல் ஹாஜி மரிக்கார் என்பவரை ஊவாவின் வெல்லஸ்ஸப் பகுதிக்கு மடிகே முஹந்திரமாக, அதாவது அப்பிரிவின் பொறுப்பதிகாரியாக, நியமித்தனர். இதனால் தங்கள் அதிகாரம் பறிபோவதாக உள்ளூர்த் தலைவர்கள் சினந்தனர். பதுளையிலிருந்த ஆங்கிலேய உதவி ரெசிடென்ட் சில்வெஸ்டர் வில்சன் அதே ஆண்டு கிளர்ச்சி மூண்டபோது கொல்லப்பட்டார். 1817–18 ஊவாக் கிளர்ச்சிக்கு ஹாஜி மரிக்காரின் நியமனமும் ஒரு காரணம்.

பயண ஏற்பாடுகள்

பொதி கட்டுவதில்தான் முதல் கவனம். மாட்டின் முதுகில் மெத்தை போட்டு, அதன் இருபுறமும் இரண்டு மூட்டைகளைத் தொங்கவிடுவார்கள். ஒருபக்கம் எடை கூடினால் பொதி சரிந்து முதுகைத் தேய்க்கும். புண்பட்ட மாடு நடுவழியில் படுத்துவிட்டால் அதன் சுமையை மற்ற மாடுகளுக்குப் பகிர்ந்து ஏற்ற வேண்டும். உப்பு மூட்டையில் ஈரம் படாமல் மூடுவதும் முக்கியம். கரைந்த உப்பு கரைந்ததுதான்.

வண்டியானால் வேலை கூடும். மாட்டுக்கு லாடம் அடித்து, அச்சுக்கு மசகு இட்டு, கடையாணியையும் பூட்டாங்கயிற்றையும் பார்த்துவிட்டே பூட்டுவார்கள். மலையிறக்கத்தில் பாரம் மாட்டின் கழுத்தைத் தள்ளாமலிருக்கச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டை வேண்டும். வண்டிக்கடியில் லாம்பு தொங்கும். மேலே வைக்கோல், புண்ணாக்கு, அரிசி, கருவாடு, சமையல் பாத்திரங்கள் இருக்கும்.

வெயிலில் ஓட்டினால் மாடு சோர்ந்துவிடும் என்பதால் சமவெளியில் இரவிலும் விடியற்காலையிலும் பயணித்து, பகலில் அம்பலம் எனப்படும் வழிமடத்திலோ மரநிழலிலோ தங்கினர். அடுத்த தண்ணீர் எங்கே என்பதே தங்குமிடத்தைத் தீர்மானித்தது. சிறுத்தைக்கும் யானைக்கும் அஞ்சி வண்டிகள் கூட்டமாகவே போயின.

கோப்பிக் காலம்

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தாமஸ் வில்லியம் ரொஜர்ஸ் ஊவாவில் தெருக்கள் பல அமைத்தார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளைத் தோட்டங்களின் கோப்பி அப்புத்தளை, ஹல்துமுல்லை வழியாக இரத்தினபுரிக்கு இறங்கியது. அங்கிருந்து களு கங்கையில் படகேறிக் களுத்துறையை அடைந்தது. அரிசி எதிர்த்திசையில் ஏறியது. தோட்டத் தொழிலாளருக்குப் படியாக அளந்த அரிசியும் வண்டி தாமதித்தால் தாமதித்தது. அப்புத்தளை ஏற்றத்தில் மாடுகள் பட்ட பாட்டைச் சிங்கள வண்டிக்காரர் பாடல்கள் இன்றும் சொல்கின்றன.

மாட்டுக் கொள்ளைநோய் பரவிய ஆண்டுகளில் வண்டியிருந்தும் இழுக்க மாடு இல்லாமற்போனது. கோப்பிக்கும் நோய் வந்தது. 1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைத்துரு பின்னர் கோப்பிச் செய்கையையே ஒழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

ரயிலும் பின்னரும்

மலைநாட்டு ரயில்பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அதன்பின் நெடுங்காலம் பண்டாரவளையே கடைசி நிலையமாக இருந்தது. பதுளை, பசறைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் அக்காலத்தில் தெருவழியாகவே வந்து ரயிலேறின. பின்னர் லொறிகள் பெருகி, வண்டிகளுக்குத் தோட்டத்தைச் சுற்றிய சில்லறை வேலைகளே மிஞ்சின.

வறண்ட வலயத்தைக் கூட்டமாகக் கடக்கும் வழக்கம் கதிர்காமப் பாதயாத்திரையில் இன்றும் தொடர்கிறது. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. கிழக்கிலிருந்து வருபவர்கள் உகந்தை முருகன் கோயிலில் தங்கி, குமண, யால காடுகளின் ஊடே நடக்கிறார்கள். கச்சான் வீசும் அதே மாதங்களில் இந்த நடை நிகழ்வதால் குடிநீரும் உலர் உணவும் கூட்டத்தை விட்டுப் பிரியாமையும் இவர்களுக்கும் கட்டாயம்.