இணங்கவைத்தலும் வன்முறையும்: சாலி மில்லர் கியர்ஹார்ட்டின் சொல்வன்மைக் கோட்பாடும் 1978 கலிஃபோர்னியா வாக்கெடுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பிறரை மாற்ற வேண்டும் என்னும் நோக்கமே வன்முறை என 1979-இல் எழுதிய அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் சாலி மில்லர் கியர்ஹார்ட், அதற்கு முந்தைய ஆண்டில் தன்பாலீர்ப்பாளருக்கு எதிரான சட்ட முன்மொழிவை எதிர்த்துத் தொலைக்காட்சியில் வாதிட்டவர். இவ்விரண்டும் முரண்பட்டவையாகத் தோன்றினும், ஒன்றன் பொருளை மற்றொன்று தெளிவாக்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சொல்வன்மை, பெண்ணியம், பால்புதுமை நோக்கு, இணங்கவைத்தல், அழைப்புச் சொல்வன்மை.

முன்னுரை

மேலைநாட்டு மரபில் ரெட்டரிக் எனப்படும் சொல்வன்மைக் கலையை, ஒவ்வொரு சூழலிலும் பிறரை இணங்கவைப்பதற்குரிய வழிகளைக் கண்டறியும் ஆற்றல் என அரிஸ்டாட்டில் வரையறுத்தார். 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேச்சுக்கலைத் துறைகள் வளர்ந்தபோதும் இவ்வரையறையே அவற்றின் அடித்தளமாக நின்றது. அத்துறைகளின் ஆய்வுப்பொருளாக அமைந்தவை பெரும்பாலும் ஆண்களின் மேடையுரைகளே. பெண் விடுதலை இயக்கத்தின் பேச்சும் எழுத்தும் இம்மரபான அளவுகோல்களுக்குள் அடங்குவதில்லை என்பதைக் கார்லின் கோர்ஸ் கேம்பெல் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அளவுகோலை விரிவாக்க வேண்டும் என்பது கேம்பெல்லின் வாதத்திலிருந்து பெறப்படும் கருத்து. அளவுகோலின் அடிப்படையே தவறானதாக இருக்கலாகாதா என்ற வினாவைக் கியர்ஹார்ட் எழுப்பினார்.

கியர்ஹார்ட்டின் கோட்பாடு

1931-இல் வர்ஜீனியாவில் பிறந்த கியர்ஹார்ட், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளில் பணியாற்றிய காலத்தில் தம் தன்பாலீர்ப்பை மறைத்தே வாழ்ந்தார். 1970-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த பின், தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட நிலையிலேயே சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிலையான ஆசிரியப் பணியைப் பெற்றார்.

‘சொல்வன்மையைப் பெண்மைப்படுத்தல்’ எனப் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை 1979-இல் மகளிரியல் இதழொன்றில் வெளிவந்தது. பிறரை மாற்றும் நோக்கத்துடன் செய்யப்படும் எதுவும் வன்முறையே என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. நிலத்தைக் கைப்பற்றும் மனநிலைக்கும், பிறரைத் தம் கருத்துக்கு மதம் மாற்றுவதுபோல் மாற்றும் மனநிலைக்கும் வேர் ஒன்றே என அவர் கருதினார். ஆயினும், மாற்றமே நிகழலாகாது என்பது அவர் கருத்தன்று. முட்டையைக் குஞ்சாக எவராலும் மாற்றிவிட இயலாது. குஞ்சாகும் இயல்பு முட்டைக்குள் இருக்குமாயின், தக்க வெப்பமும் ஈரமும் கிடைக்கும்போது அது தானே பொரியும். இவ்வுவமையின் வழி, பேசுபவரின் கடமை கேட்பவரை மாற்றுவதன்று, மாற்றம் நிகழத்தக்க சூழலை உருவாக்குவதே என்று அவர் விளக்கினார்.

ஆறாம் முன்மொழிவு

1977 ஜூன் மாதத்தில் ஃபுளோரிடாவின் டேட் கவுன்டியில், தன்பாலீர்ப்பாளருக்குப் பாதுகாப்பளித்த உள்ளூர்ச் சட்டம் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. பாடகி அனிதா பிரையன்ட் முன்னின்று நடத்திய அப்பரப்புரை, குழந்தைகளைக் காப்பது என்னும் முழக்கத்தை முன்வைத்தது. 1978-இல் செயின்ட் பால், விச்சிட்டா, யூஜீன் ஆகிய நகரங்களிலும் இத்தகைய பாதுகாப்புகள் வாக்கெடுப்பில் நீக்கப்பட்டன. இவ்வலையின் தொடர்ச்சியாகவே கலிஃபோர்னிய மாநில மேலவை உறுப்பினர் ஜான் பிரிக்ஸ் ஆறாம் முன்மொழிவைக் கொண்டுவந்தார்.

இம்முன்மொழிவின் சொற்கள் சொல்வன்மை ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பொதுப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்வதற்கு அவரது நடத்தை மட்டுமே காரணமாகச் சொல்லப்படவில்லை. மாணவர் கவனத்துக்கு வரக்கூடிய வகையில் தன்பாலீர்ப்பை ஆதரித்துப் பேசுவதும் ஊக்குவிப்பதும் அதே வரையறைக்குள் வைக்கப்பட்டன. அதாவது, தன்பாலீர்ப்பாளர் அல்லாத ஆசிரியரும் பேச்சின் பொருட்டுப் பணியிழக்க நேரலாம். ஒக்லஹோமாவில் 1978-இல் இயற்றப்பட்ட இதையொத்த சட்டத்தில் பேச்சைத் தண்டித்த பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-இல் செல்லாததாக்கியதும், உச்சநீதிமன்ற நீதிபதிகள் சம அளவில் பிரிந்ததால் 1985-இல் அத்தீர்ப்பு நிலைபெற்றதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன.

ஆசிரியர் ஒருவர் இருப்பதே மாணவரை மாற்றிவிடும் என்ற அச்சம் பிரிக்ஸ் தரப்பின் வாதத்துக்கு அடிப்படையாக இருந்தது. கியர்ஹார்ட்டின் கோட்பாட்டோடு இதனை இணைத்து நோக்கினால் ஒரு தலைகீழ் உறவு புலப்படும். மாற்றும் நோக்கத்தையே அவர் வன்முறை என்றார். முன்மொழிவோ நோக்கம் ஏதுமில்லாத இருப்பையும் பேச்சையும் மாற்றும் முயற்சியாகக் கற்பித்துத் தண்டிக்க முனைந்தது.

மேடையும் வெளிப்படுத்தலும்

சான் பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் ஹார்வி மில்க்குடன் இணைந்து கியர்ஹார்ட் தொலைக்காட்சி விவாதத்தில் பிரிக்ஸை எதிர்கொண்டார். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைகளைத் தன்பாலீர்ப்பாளரோடு இணைத்த கூற்றை, அக்குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வோர் எதிர்பாலீர்ப்புடைய ஆண்களே என்னும் சான்றுகளைக் கொண்டு அவர் மறுத்தார். இது அரிஸ்டாட்டிலிய மரபின் வாதமே. சான்று காட்டி, எதிர்வாதத்தை வீழ்த்தி, வாக்காளரை இணங்கவைக்கும் முயற்சியே.

எனினும் இப்போராட்டம் மேடை வாதத்தோடு நின்றுவிடவில்லை. தன்பாலீர்ப்பாளர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் உடன் பணிபுரிவோரிடமும் தம்மை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என மில்க் இடைவிடாது வலியுறுத்தினார். தம்மை வெளிப்படுத்துபவர் எதிரிலிருப்பவரை வாதத்தால் வெல்ல முயல்வதில்லை. தம் வாழ்வை அவர்முன் வைக்கிறார், முடிவை அவரிடமே விடுகிறார். முட்டையுவமை சுட்டும் சூழல் அமைத்தலுக்கு இது நெருக்கமானது. ஆயினும், பணியிழப்பு அச்சம் நிலவும்போது ஓர் ஆசிரியர் அவ்வாறு வெளிப்படுதல் எளிதன்று. முன்மொழிவு நிறைவேறியிருப்பின் அவ்வெளிப்படுத்தலே சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரியதாகியிருக்கும்.

முன்னாள் ஆளுநர் ரொனால்ட் ரீகனும் முன்மொழிவை எதிர்த்தார். 1978 நவம்பர் 7-இல் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் அதற்கு எதிராக வாக்களித்தனர். மூன்று வாரங்களுக்குள், நவம்பர் 27-இல், மில்க் சுட்டுக்கொல்லப்பட்டார்.

பின்வந்த விவாதம்

சோன்ஜா ஃபாஸ், சிண்டி கிரிஃபின் ஆகியோர் 1995-இல் ‘அழைப்புச் சொல்வன்மை’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தபோது கியர்ஹார்ட்டின் சிந்தனை அதற்கு ஊற்றாக அமைந்தது. சமத்துவம், ஒவ்வொருவருக்கும் உள்ளார்ந்த மதிப்பு, தன்னுரிமை ஆகிய மூன்றையும் அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். பாதுகாப்பு, மதிப்பு, சுதந்திரம் ஆகியவை உரையாடலுக்குத் தேவையான புறச்சூழல் என்றனர். சமத்துவமற்ற நிலையில் ஒடுக்கப்பட்டோரிடம் இணக்கப் பேச்சை எதிர்பார்ப்பது ஒடுக்குவோருக்கே துணையாகும் என நீனா லொசானோ-ரீச்சும் டானா கிளவுடும் 2009-இல் மறுத்தனர்.

1978 நிகழ்வு இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையே வைத்து எண்ணத்தக்கது. அழைப்புக்குத் தேவையான பாதுகாப்பு அன்று கலிஃபோர்னிய ஆசிரியர்களுக்கு இல்லை. வாக்கெடுப்பில் வென்ற பின்னரே அது ஓரளவேனும் காக்கப்பட்டது. அவ்வெற்றிக்கு மேடை வாதமும் தேவைப்பட்டது. ஆயின் வாதம் காத்துத் தந்தது எதை? தம்மை வெளிப்படுத்தும் எளிய பேச்சுக்கான இடத்தை.

இவ்வரலாற்றில் கியர்ஹார்ட்டின் இடமும் கருதத்தக்கது. 1984-இல் வெளிவந்த மில்க் பற்றிய ஆவணப்படத்தில் அவர் முதன்மைச் சான்றாளர்களுள் ஒருவராகப் பேசுகிறார். 2008-இல் வெளிவந்த கதைப்படத்திலோ பிரிக்ஸுடனான விவாதம் இடம்பெறினும் கியர்ஹார்ட் இடம்பெறவில்லை. மேடைப் பேச்சை ஒற்றை ஆண் தலைவனின் ஆற்றலாகக் காணும் பழைய வழக்கம், பால்புதுமையர் வரலாற்றைச் சொல்லும்போதும் தொடர்வதை இது காட்டுகிறது. பெண்ணிய நோக்கும் பால்புதுமை நோக்கும் ஒன்றையொன்று திருத்த வேண்டிய இடம் இதுவே.

முடிவுரை

கியர்ஹார்ட் 1978-இல் வாதிட்டதைக் கொண்டு 1979 கட்டுரையைப் பொய்ப்பிப்பதும், அக்கட்டுரையைக் கொண்டு விவாதத்தைத் தவறெனக் கொள்வதும் பொருந்தா. தம் உரிமையைப் பிறர் வாக்கெடுப்புக்கு விடும்போது வாதம் புரிவதா வேண்டாவா என்பது ஒருவர் விருப்பத்தைப் பொறுத்த தேர்வாக இருப்பதில்லை. வாதத்தை மேற்கொண்டே அதன் வன்முறையையும் உணர்ந்தவராகக் கியர்ஹார்ட்டைக் கொள்வது பொருத்தமுடையது. சொல்வன்மை ஆய்வு, ஒரு பேச்சு எவ்வளவு இணங்கவைத்தது என்பதோடு, அப்பேச்சுக்குப் பின் யார் அச்சமின்றிப் பேச முடிந்தது என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு.