களஞ்சியத் தானியப் பூச்சிகளும் உயிரியல் பீடைகொல்லிகளும்: மாத்தளை மாவட்டம்

சேமித்த தானியத்தில் விழும் பூச்சிகளைத் தாவரப் பொருள்கள், நுண்ணுயிர்கள், ஒட்டுண்ணிக் குளவிகள் ஆகியவற்றால் அடக்கும் முறைகள் இங்கு விவரிக்கப்படுகின்றன. இலங்கையின் மத்திய மாகாணத்திலுள்ள மாத்தளை மாவட்டம் இதற்குத் தோதான களம். வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கங்களில் நெல், சோளம், கௌபி, பாசிப்பயறு விளைகின்றன. தெற்கே உக்குவளை, ரத்தோட்டைப் பகுதிகள் மிளகு, கராம்பு, சாதிக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றவை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே உள்ளது. வண்டு விழும் தானியமும் வண்டை விரட்டும் சரக்கும் இங்கே ஒரே மாவட்டத்தில் விளைகின்றன.

பழைய சிங்களக் கிராமங்களில் நெல்லை ‘வீ பிஸ்ஸ’ என்னும் கூட்டில் வைத்தார்கள். கொடியாலோ குச்சியாலோ பின்னி, மண்ணும் சாணமும் பூசி, கல் அல்லது மரக்கால்மீது நிறுத்தி, வைக்கோல் வேய்ந்தது அது. தமிழர் பகுதிகளின் கொம்பறையும் இதே வேலையைச் செய்தது. வேப்பிலை, நொச்சியிலை, அடுப்புச் சாம்பல் ஆகியவற்றைத் தானியத்தோடு கலந்து வைப்பது இரு சமூகங்களுக்கும் பழக்கமானது. இன்று பெரும்பாலான வீடுகளில் நெல் கிடப்பது உரப்பையில்; பூச்சிக்கு அது ஒரு தடையே அல்ல.

எந்த மருந்து பலிக்கும் என்பதைப் பூச்சி முட்டையிடும் இடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பயறு வண்டு முட்டையை விதையின் மேற்றோலில் ஒட்டிவிடுகிறது. விதையில் எண்ணெய் பூசினால் முட்டைக்குள் காற்றுப் புகாது, கரு மடிந்துவிடும். ருகுணு பல்கலைக்கழகத்தின் ராஜபக்ஷவும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தின் வான் எம்டனும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் சோளம், நிலக்கடலை, சூரியகாந்தி, எள் ஆகிய நான்கு எண்ணெய்களையும் கௌபியில் சோதித்தனர். கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் கலந்தபோது மூன்று இனப் பயறு வண்டுகளும் இட்ட முட்டைகள் வெகுவாகக் குறைந்தன. விதைக்கென எடுத்துவைக்கும் சில கிலோ கௌபிக்கு இதைவிட எளிய வழி இல்லை.

அரிசி வண்டின் கதை வேறு. பெண் வண்டு மணியைக் கடித்துத் துளைத்து, முட்டையை உள்ளே இட்டு, பசை போன்ற பொருளால் வாயை அடைத்துவிடும். புழு முழு வளர்ச்சியையும் மணிக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். மேலே தூவிய எந்தத் தூளும் அதைத் தொடாது. வெளியே திரியும் வண்டுதான் அகப்படும். நெல்லின் உமி அரிசி வண்டுக்கு ஓரளவு தடை என்பதால், உமி நீங்கிய அரிசியிலும் சோளத்திலும்தான் அதன் ஆட்டம். நெல்லைக் கெடுப்பவை முக்கியமாக நெல் அந்தும் தானியத் துளைப்பானும். இவை முட்டையை வெளியே இடுகின்றன, பொரித்த புழு உள்ளே நுழைகிறது. முட்டைக்கும் நுழைவுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு காலமே மருந்துக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

மாத்தளைச் சரக்குகளில் மிளகுக்கு ஆய்வுச் சான்று பழையது. அரிசி வண்டையும் பயறு வண்டையும் மிளகு கொல்வதை அமெரிக்க ஆய்வொன்று 1977இலேயே காட்டியது. கராம்பு எண்ணெயிலும் கறுவா இலை எண்ணெயிலும் மிகுந்திருப்பது யூஜினோல். கறுவாப்பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைட். இவற்றின் ஆவி பூச்சியை விரட்டும், அளவு கூடினால் கொல்லும். ஆனால் ஆவி சீக்கிரம் போய்விடும், வாசனையோ அரிசியில் தங்கிவிடும். கராம்பு மணக்கும் சோற்றை யார் உண்பார்? விலையும் இடிக்கிறது: ஏற்றுமதிக்குப் போகும் மிளகை நெல்மூட்டையில் கொட்ட எந்த விவசாயிக்கும் மனம் வராது. கழிவு மிளகையும் இலை எண்ணெயையும் விதைத் தானியத்துக்குப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது.

நுண்ணுயிர்களில் பெயர்பெற்ற பசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், களஞ்சியத்தோடு பிறவித் தொடர்புடையது. ஜெர்மனியின் துரிஞ்சியாவில் பெர்லினர் 1911இல் விவரித்தபோது அது கிடைத்தது மாவு அந்தின் புழுவிலிருந்து. அமெரிக்கத் தானியக் களஞ்சியங்களிலேயே இந்திய உணவு அந்து இதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதை மக்காஹி 1985இல் அறிவித்தார். உயிரியல் மருந்துக்குப் பூச்சி பழகாது என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. வண்டுகளின்மேல் இந்த பாக்டீரியாவால் பெரிய பயனில்லை. மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட் தானியத் துளைப்பானுக்கு மிக வலியது. மாவு வண்டிடம் அவ்வளவு எடுபடாது. மணிக்குள் ஒளிந்த புழுவையும் எட்டக்கூடியவை அனிசொப்டெரோமாலஸ் போன்ற நுண்குளவிகள். அவை மணியைத் துளைத்துப் புழுவின்மேல் முட்டையிடுகின்றன.

ஆலைகளிலும் பெரிய களஞ்சியங்களிலும் பொஸ்பீன் புகையூட்டலை இவை எதுவும் இன்னும் அகற்றவில்லை. வாயு மணிக்குள் புகுந்து எல்லாப் பருவங்களையும் கொல்கிறது. தூளுக்கும் எண்ணெய்க்கும் அந்த வீச்சு இல்லை. ஆனால் அந்த வாயுவை வெளியிடும் மாத்திரையை வீட்டு அறையில் வைப்பது உயிராபத்து. வீட்டுக் களஞ்சியத்தில் உயிரியல் முறைக்கு இடம் கிடைப்பது இதனால்தான். அங்கும் முதல் வேலை காயவைத்தல்: நெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்காமல் எந்த இலையும் காப்பாற்றாது.

இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. பூச்சியின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் வசம்பில் பீட்டா-அசரோன் உண்டு. விலங்குச் சோதனையில் அது புற்றுநோய் உண்டாக்கியதால் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்க அமெரிக்கா 1968இல் தடை விதித்தது. உண்ணும் தானியத்துக்கு வசம்புத் தூள் தகாது. இலங்கையில் உயிரியல் தயாரிப்பாயினும் பீடைகொல்லி என்று விற்க வேண்டுமானால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு பெறவேண்டும். பதிவாளர் அலுவலகம் பேராதனையில் உள்ளது.